குடிசைப் பகுதி மேம்பாடும் நகரக் குற்றங்களும்

நகரக் குடிசைப் பகுதிகளின் சுற்றுப்புறத்தைச் சீர்படுத்தும் மத்திய அரசின் திட்டம் 1972-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. 150 பேருக்கு ஒரு குடிநீர்க் குழாய், 20 முதல் 50 பேருக்கு ஒரு கழிப்பிடம், அதே கணக்கில் ஒரு குளியலறை, 30 மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம், நீர் தேங்காத வடிகால், அகலப்படுத்தித் தளமிட்ட சந்து என்பன அத்திட்டம் வகுத்த அளவுகோல்கள். 1974-இல் திட்டம் மாநிலங்களின் பொறுப்புக்கு மாற்றப்பட்டு, ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் குறைந்தபட்சத் தேவைகள் திட்டத்தில் ஓர் அங்கமாயிற்று. பொதுச் சுகாதாரமே அதன் முதல் நோக்கம். ஆனால், இதே அளவுகோல்களைக் காவல் துறை அதிகாரி ஒருவரின் கண்கொண்டு படித்தால் வேறொரு பொருளும் புலப்படும். விளக்குக் கம்பம் இருட்டைப் போக்குகிறது. அகன்ற சந்தில் ரோந்துக் காவலர் நுழைய முடிகிறது. வீட்டருகே கழிப்பிடம் இருந்தால் நள்ளிரவில் ஒரு பெண் தண்டவாளத்து ஓரமாகத் தனியே நடக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின், குடிசைப் பகுதியை மேம்படுத்தினால் நகரத்தில் குற்றம் குறையுமா? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு நகர மக்கள் 37.7 கோடி, அவர்களில் 6.5 கோடிக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். இவ்வளவு பெரிய மக்கள் தொகுதியின் அன்றாடப் பாதுகாப்பைப் பொறுத்த வினா இது. இதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. எந்த மேம்பாடு, எந்தக் குற்றம், யாருடைய கணக்கு என்ற மூன்றையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

பிறப்பா, இடமா?

குற்றத்தின் வேரை மக்களின் பிறப்பில் தேடிய காலம் ஒன்று இருந்தது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் முழுச் சமுதாயங்களையே குற்றவாளிகள் என முத்திரையிட்டது. சுதந்திர இந்தியா 1952-இல் அச்சட்டத்தை நீக்கியது. சட்டம் நீங்கியும் எண்ணம் நீங்கவில்லை. 'அந்தச் சேரிக்காரர்கள்' என்று ஒரு வட்டாரத்தையே சுட்டும் பேச்சு இன்றும் அலுவலகங்களில் காதில் விழுகிறது.

பிறப்புக் கொள்கையை ஆட்டங்காணச் செய்தது சிகாகோ நகரில் கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே ஆகிய இரு அறிஞர்கள் செய்த ஆய்வு. நீதிமன்றத்துக்கு வந்த சிறுவர்களின் வீடுகளை அவர்கள் பல்லாண்டுக் காலம் நகர வரைபடத்தில் குறித்து வந்தனர். தொழிற்சாலைகளை ஒட்டிய பழைய வட்டாரங்களில் ஒரு நாட்டிலிருந்து குடியேறியவர்கள் வெளியேறி, வேறொரு நாட்டவர் வந்து குடியேறினர். குடியிருந்தவர்கள் மாறிய பின்னும் அவ்வட்டாரங்களின் சிறார் குற்ற விகிதம் உயர்ந்தே இருந்தது. அங்கிருந்து நல்ல பகுதிகளுக்குச் சென்றவர்களின் பிள்ளைகளிடையே விகிதம் தாழ்ந்தது. வறுமை, அடிக்கடி இடம் மாறும் மக்கள், ஒருவரையொருவர் அறியாத அண்டை வீடுகள் ஆகியவை சேரும் இடத்தில் பிள்ளைகளைக் கண்டிக்கவும் காக்கவும் வல்ல சமூகக் கட்டு தளர்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அண்டை அயல் மேம்பாட்டின் வழியாகக் குற்றத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணத்துக்கு இதுவே ஆய்வு முறையிலான அடித்தளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம் நாட்டுக் குடிசைப் பகுதிகள் பலவற்றில் சமூகக் கட்டு தளர்ந்திருப்பதில்லை. ஒரே கிராமத்திலிருந்தோ ஒரே மாவட்டத்திலிருந்தோ வந்த குடும்பங்கள் பக்கம் பக்கமாக வாழும் சந்துகளில் புதியவர் ஒருவர் நுழைந்தால் பத்து வாயில்களிலிருந்து பார்வை எழும். சிகாகோவின் பாடத்தை அப்படியே இங்குப் பெயர்த்து வைக்கலாகாது. ஆனால், இந்தக் கட்டை நாமே அறுத்தெறிந்த நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

விளக்கும் கழிப்பிடமும்

மேம்பாட்டுப் பணிகளில் குற்றத்தோடு நேரடித் தொடர்புடையது தெரு விளக்கு. 2016-இல் நியூயார்க் நகரின் பொதுக் குடியிருப்பு வளாகங்களில் ஒரு சோதனை நடத்தப்பட்டது. குலுக்கல் முறையில் தேர்ந்த ஏறத்தாழ 40 வளாகங்களில் ஒளிமிக்க விளக்குக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. இரவில் வெட்டவெளியில் நிகழும் கடுங்குற்றங்கள் அவ்வளாகங்களில் சுமார் 36 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் புதர் மண்டிக் குப்பை சேர்ந்த 541 காலி மனைகள் இதே போன்று குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி மட்டும் துப்புரவு செய்து புல் விதைத்துச் சிறு மரவேலி இடப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள வட்டாரங்களில் அம்மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது என்று 2018-இல் வெளியான முடிவு தெரிவிக்கிறது. ஒரு மனைக்கு ஆன செலவோ மிகச் சொற்பம். குற்றத்தைக் குறைக்கக் கோடிக்கணக்கில் செலவிட வேண்டும் என்று கருதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

நம் நாட்டு நிலையில் விளக்கைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது கழிப்பிடம். வீட்டில் கழிப்பிடம் இல்லாத பெண் விடியற்காலையிலும் இரவிலும் ஆளரவமற்ற இடத்தை நாடியே செல்ல வேண்டியிருக்கிறது. நாணம் அவளை இருட்டை நோக்கித் தள்ளுகிறது. குற்றம் புரிவோனும் அந்த இருட்டையே எதிர்பார்த்திருக்கிறான். 2005-06-இல் நடைபெற்ற மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வின் விவரங்களைப் பகுத்தாய்ந்து 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, திறந்தவெளியை நாடும் பெண்கள் கணவரல்லாத பிறரின் பாலியல் வன்முறைக்கு உள்ளாகும் வாய்ப்பு, வீட்டில் கழிப்பிடம் உள்ள பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு எனக் கண்டது. தென்னாப்பிரிக்காவின் கயேலிட்ஷா குடியிருப்பைக் கொண்டு 2015-இல் செய்த ஒரு கணித மதிப்பீடு, கழிப்பிடங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கழிப்பிடத்துக்குச் செல்லும் வழியில் நிகழும் பாலியல் தாக்குதல்கள் சுமார் 30 சதவீதம் குறையும் என்று காட்டியது. அது களத்தில் அளந்த முடிவன்று, கணக்கீடே. எனினும், நடக்க வேண்டிய தூரம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற எளிய உண்மைக்கு அது ஓர் அளவைத் தருகிறது.

2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ் நகரங்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுக் கழிப்பிடங்கள் கட்டப்பட்டன. வீட்டினுள் இடமில்லாத நெருக்கமான குடியிருப்புகளுக்குச் சமுதாயக் கழிப்பிடங்களே வழி. ஆனால், அவற்றுள் பல இரவு பத்து, பதினொரு மணிக்கெல்லாம் பூட்டப்படுகின்றன. கட்டடம் இருக்கிறது, கணக்கிலும் இருக்கிறது. தேவைப்படும் வேளையில் மட்டும் திறந்திருப்பதில்லை. விளக்குகளின் கதையும் இதுவே. கம்பம் நடுவது ஒரு துறை, மின்கட்டணம் செலுத்துவது மற்றொரு துறை, பழுதான விளக்கை மாற்றுவது யாரெனத் தெரியாது என்ற நிலை உள்ள நகரங்களில் 30 மீட்டருக்கு ஒரு கம்பம் என்ற அளவுகோல் நிறைவேறியும் சந்து இருண்டே கிடக்கும்.

2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் 2013-இல் நிர்பயா நிதி உருவாயிற்று. அதன் உதவியுடன் 2018-இல் எட்டுப் பெருநகரங்களில் பாதுகாப்பான நகரத் திட்டம் ஏற்கப்பட்டது. இதில் கண்காணிப்புக் கேமராக்கள் பெரும் இடத்தைப் பெற்றுள்ளன. கேமரா, நடந்த குற்றத்தைத் துப்பறிய உதவும். ஆனால், இருண்ட பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு அந்நேரத்தில் வேண்டியது வெளிச்சமும், திறந்திருக்கும் ஒரு கடையும், நான்கு மனிதர்களும் அல்லவா? பெண்களே குழுவாகத் தங்கள் தெருக்களில் நடந்து, அச்சம் தரும் இடங்களைக் குறிக்கும் பாதுகாப்புத் தணிக்கை முறை 1989-இல் கனடாவின் டொரான்டோவில் உருவானது. தில்லியில் ஜாகோரி என்ற மகளிர் அமைப்பு இம்முறையைக் கையாண்டு வந்துள்ளது. ஒரு பொறியாளர் வரைபடத்தில் காணாத மதுக்கடை மூலையும், உடைந்த மதில் திறப்பும் இத்தகைய தணிக்கையில் முதல் நாளே தெரிந்துவிடும்.

குற்றம் அடுத்த தெருவுக்குப் போகுமா?

இங்குப் பலரும் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. ஒரு பகுதியைச் சீர்படுத்தினால் குற்றம் அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிடாதா? கொலம்பியாவின் பொகோட்டா நகரில் காவல் ரோந்தையும், துப்புரவு, விளக்குப் பராமரிப்பு ஆகிய நகராட்சிப் பணிகளையும் குறிப்பிட்ட தெருக்களில் மட்டும் பெருக்கிச் சோதித்தபோது, திருட்டு முதலிய சொத்துக் குற்றங்கள் அக்கம்பக்கத் தெருக்களுக்கு நகரும் அறிகுறிகள் தென்பட்டன. கொலை, பாலியல் வன்முறை போன்றவை அவ்வாறு நகரவில்லை என்றே தோன்றுகிறது. காரணம் காண்பது அரிதன்று. வருமானம் நாடும் திருடன் இடத்தை மாற்றிக்கொள்வான். குடிபோதையிலும் ஆத்திரத்திலும் விளையும் அடிதடி, அந்த இடமும் அந்த நேரமும் இல்லாவிட்டால் பெரும்பாலும் நிகழாமலே போகும். ஆகவே, ஒரு நகரில் நான்கு தெருக்களை மட்டும் மாதிரியாக ஒளிரச் செய்து, அங்குத் திருட்டு குறைந்தது என்று அறிக்கை எழுதுவதில் பொருளில்லை. வன்முறையைக் குறைப்பதற்கோ சிறு முயற்சியும் வீண்போவதில்லை.

குடியிருப்பை மாற்றினால்

மேம்பாடு என்ற பெயரில் மக்களை இருந்த இடத்திலிருந்தே பெயர்த்தெடுத்தால் நிலைமை தலைகீழாகிறது. தில்லியின் அனுபவம் இதற்குச் சான்று. 1960-இல் வகுக்கப்பட்ட குடிசை அகற்றும் திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு 80 சதுர கஜ மனை அளிக்கப்பட்டது. பின்னர் அது படிப்படியாகச் சுருங்கி 25 சதுர கஜமாயிற்று. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் நகரின் ஓரங்களில் அமைந்த மறுகுடியமர்வுக் காலனிகளுக்கு அனுப்பப்பட்டனர். வேலை பழைய இடத்தில், வீடு பல மைல்களுக்கு அப்பால். ஒரே சந்தில் வாழ்ந்த குடும்பங்கள் வெவ்வேறு பிளாக்குகளுக்குச் சிதறின. பெற்றோர் இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பும் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பழைய அண்டை வீட்டாரும் இல்லை. ஷாவும் மெக்கேயும் சிகாகோவில் கண்ட தளர்ச்சி இங்கு அரசின் கையாலேயே உண்டாக்கப்பட்டது.

சென்னையில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்பும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. அங்கு வாழும் இளைஞர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியைக் கண்டே மறுக்கப்படுவதாகப் பலமுறை கூறியுள்ளனர். குற்றத்துக்கு அஞ்சி வேலை மறுப்பதும், வேலையின்மை குற்றத்துக்கு வழிகோலுவதுமாக ஒரு சுழல் அமைகிறது. சிலர் செய்யும் குற்றத்துக்குப் பல்லாயிரம் பேர் முகவரியால் தண்டனை பெறுகின்றனர்.

உயரமான அடுக்குமாடிகளே தீர்வு என்பாரும் உளர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களின் நடுவில் கட்டிமுடிக்கப்பட்ட புரூயிட்-ஐகோ குடியிருப்பு 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்களால் ஆனது. யாருக்கும் சொந்தமில்லாத நீண்ட தாழ்வாரங்களும் மாடிப்படிகளும் வழிப்பறிக்காரர் கையில் சிக்கின. 1972-இல் அதனை வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினர். அதே ஆண்டில் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன், தம் வாயிலுக்கு முன்னுள்ள இடத்தைத் தம்முடையதாக எண்ணிக் குடியிருப்போர் காக்கும்படி வீடுகள் அமைய வேண்டும் என்ற கருத்தை நூலாக வெளியிட்டார். புரூயிட்-ஐகோ வீழ்ந்ததற்கு வடிவம் ஒன்றே காரணமன்று. பராமரிப்புக்குப் பணமின்மையும், தொழில்கள் நகரை விட்டகன்றதும், நிறவேற்றுமையும் சேர்ந்தே அதனை அழித்தன. ஆயினும், சந்திலே நாற்காலி போட்டு அமரும் முதியவளை ஏழாவது மாடிக்கு அனுப்பிவிட்டால், அவளது கண்காணிப்பை எந்தக் கேமராவாலும் ஈடுசெய்ய முடியாது என்பதை நம் வீட்டுவசதித் திட்டங்கள் மறத்தலாகாது.

இதற்கு நேர்மாறான பாதையை ஆமதாபாத் நகரம் மேற்கொண்டது. 1995-இல் தொடங்கிய பரிவர்த்தன் திட்டத்தில் குடிசைப் பகுதிக் குடும்பங்கள் தலைக்கு 2,000 ரூபாய் பங்களித்தன. மாநகராட்சியும் தனியார் துறையும் மீதியை ஏற்பதாக ஏற்பாடு. குடிநீர், வடிகால், தனிக் கழிப்பிடம், தெரு விளக்கு ஆகியவை இருந்த இடத்திலேயே வந்தன. இவற்றோடு மாநகராட்சி அளித்த வாக்குறுதி ஒன்று குறிப்பிடத்தக்கது: பத்தாண்டுகளுக்கு அக்குடியிருப்பை அகற்றுவதில்லை என்பதே அது. நாளை இடிபடும் என்று அஞ்சும் வீட்டுக்கு யாரும் உறுதியான கதவு பொருத்துவதில்லை. நாளை பிரியப்போகும் அண்டை வீட்டாருடன் சேர்ந்து தெருவைக் காப்பதும் இல்லை.

காவல் நிலையத்தின் பங்கு

குழாயும் விளக்கும் வந்த பின்னும் காவல் நிலையம் அப்பகுதி மக்களைச் சந்தேகத்துடனேயே நோக்குமாயின் மேம்பாடு பாதியில் நின்றுவிடும். 1984-இல் கலவரத்தால் சீரழிந்த பிவண்டி நகரில், 1988 முதல் காவல் துணை ஆணையர் சுரேஷ் கோப்டே, இரு சமயத்தவரும் காவலரும் அமர்ந்து பேசும் மொஹல்லா குழுக்களை அமைத்தார். 1992-93-இல் அருகிலுள்ள பம்பாய் பற்றி எரிந்தபோது பிவண்டி அமைதி காத்தது.

குடிசைப் பகுதிகளுக்கு நேரே பொருந்தும் முயற்சி புனேயிலும் மும்பையிலும் நடந்தது. 2000-க்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் இவ்விரு நகரங்களிலும் அடுத்தடுத்துக் காவல் ஆணையராக இருந்த ஏ. என். ராய், தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவர் ஜோக்கின் அற்புதத்துடன் இணைந்து காவல் பஞ்சாயத்துகளை நிறுவினார். கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்குச் சென்றவர் ஜோக்கின். தாம் வாழ்ந்த ஜனதா காலனி 1976-இல் இடிக்கப்பட்டதைக் கண்டவர்; 2000-இல் ரமோன் மகசேசே விருது பெற்றவர். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஏழு பெண்களும் மூன்று ஆண்களும், அவர்களுடன் அப்பகுதிக்கென ஒரு காவலரும் இருப்பர். பெண்களைப் பெரும்பான்மையாக வைத்தது ஆழ்ந்த எண்ணத்துடன் செய்த ஏற்பாடு. கணவன் மனைவி பூசல், குழாயடிச் சண்டை, சாக்கடை குறித்த தகராறு, கள்ளச்சாராயம் ஆகியவை கத்திக்குத்தாக முற்றுமுன் பேசித் தீர்க்கும் இடமாக அது அமைந்தது. இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. மனைவியை அடித்த கணவனைக் கண்டித்து அனுப்புவதோடு நின்றால், சட்டப்படி வழக்காக வேண்டிய கொடுமை சமரசத்தில் மறைந்துவிடக்கூடும். சமரசத்துக்குரியது எது, வழக்குக்குரியது எது என்ற எல்லையைப் பஞ்சாயத்து உறுப்பினர்க்குக் காவல் துறை தெளிவாகக் கற்பித்தல் வேண்டும்.

குறையும் எண்ணும் கூடும் எண்ணும்

இனி, அதிகாரிகள் மிகவும் கருத வேண்டிய பகுதிக்கு வருவோம். குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்குகள் பதிவாயின என்ற கணக்கு. பதிவான வழக்கு வேறு, நிகழ்ந்த குற்றம் வேறு. 2019-இல் நாடெங்கும் 51,56,172 வழக்குகள் பதிவாயின; 2020-இல் 66,01,285. ஓராண்டில் 28 சதவீத உயர்வு! ஊரடங்கில் மக்கள் வீட்டுக்குள் அடைந்திருந்த ஆண்டு அது. திருட்டும் வழிப்பறியும் குறைந்தன. ஊரடங்கு ஆணையை மீறியதற்கான வழக்குகளே மொத்தத்தை உயர்த்தின. தில்லியில் இந்தியத் தண்டனைச் சட்ட வழக்குகள் 2012-இல் சுமார் 54,000. 2014-இல் ஒன்றரை லட்சத்தைக் கடந்தன. இரண்டே ஆண்டுகளில் குற்றவாளிகள் மும்மடங்கு பெருகிவிடவில்லை. முன்பு திருப்பி அனுப்பப்பட்ட புகார்கள் பதிவாகத் தொடங்கின. கைதுக்குரிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது நினைவிருக்கலாம்.

இதன் விளைவை மேம்பாட்டுத் திட்டத்துடன் பொருத்திப் பாருங்கள். ஒரு குடிசைப் பகுதியில் மேம்பாட்டுப் பணி நன்கு நடந்து, பெண்கள் அச்சமின்றிக் காவல் நிலையப் படி ஏறத் தொடங்கினால், முதல் ஓரிரு ஆண்டுகளில் பதிவாகும் குற்றம் உயரும். திட்டத்தின் வெற்றியே அங்குத் தோல்வியாகத் தோற்றமளிக்கும். மாறாக, 'குற்ற விகிதம் இத்தனை சதவீதம் குறைய வேண்டும்' என்று மேலிடம் இலக்கு விதித்தால், அதை நிறைவேற்ற மிக எளிய வழி புகாரை வாங்காமல் அனுப்பிவிடுவது. அடிபட்ட பெண் திரும்பிச் செல்கிறாள், விகிதம் குறைகிறது. திட்ட அறிக்கையில் குற்ற இலக்கு எழுதும் அதிகாரி ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணை மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

விகிதத்தின் வகுக்கும் எண்ணிலும் ஐயத்துக்கு இடமுண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 20 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் 19 பெருநகரங்களின் விவரங்களைத் தனியே வெளியிடுகிறது. அதன் 2022-ஆம் ஆண்டு அறிக்கையிலும் இந்நகரங்களுக்குக் கொள்ளப்பட்டது 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகையே. பத்தாண்டுகளில் விரைந்து பெருகிய நகரம் இக்கணக்கில் உண்மையைவிடக் குற்றம் மிகுந்ததாகத் தோன்றும்.

எனவே, வழக்குப் பதிவேட்டுடன் மற்றோர் அளவும் வேண்டும். அமெரிக்கா 1973 முதலும் பிரிட்டன் 1982 முதலும் வீடு வீடாகச் சென்று, 'அண்மைக் காலத்தில் நீங்கள் குற்றத்துக்கு ஆளானீர்களா, புகார் செய்தீர்களா' என்று கேட்கும் ஆய்வுகளை நடத்தி வருகின்றன. நம் நாட்டில் தேசிய அளவில் இத்தகைய தொடர் ஆய்வு இல்லை. ஒரு மாநகராட்சி தன் அளவில் இதைச் செய்யத் தடையேதுமில்லை. பணி தொடங்குமுன் ஒருமுறை, முடிந்து ஓராண்டில் மறுமுறை, மேம்பாடு பெறாத ஒத்த குடியிருப்பு ஒன்றிலும் அவ்வாறே கேட்டால் போதும். கல்லூரி மாணவர்களைக் கொண்டே நடத்தலாம். பெண்களிடம் பெண்களே தனித்துக் கேட்க வேண்டும். இரவில் எத்தனை மணி வரை கழிப்பிடம் செல்ல அஞ்சுவதில்லை என்ற வினாவும் அதில் இடம்பெற வேண்டும்.

நடைமுறையில் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று எல்லை பற்றியது. மாநகராட்சி வார்டின் எல்லையும் காவல் நிலைய எல்லையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. குடிசைப் பகுதியின் எல்லை இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. வார்டு அலுவலகத்தில் எத்தனை விளக்கு என்ற கணக்கு இருக்கும், நிலையத்தில் எத்தனை வழிப்பறி என்ற கணக்கு இருக்கும். இரண்டையும் ஒரே சந்தின்மேல் வைத்துப் பார்க்க இயலாது. முதல் தகவல் அறிக்கையில் நிகழ்ந்த இடமும் நேரமும் குறிக்கப்படுகின்றன. 2009-இல் ஒப்புதல் பெற்ற குற்ற, குற்றவாளிகள் கண்காணிப்பு வலையமைப்பின் வாயிலாக அவை இப்போது கணினியிலும் ஏறுகின்றன. இடம் என்ற கட்டத்தில் 'பஸ்தி அருகில்' என்று எழுதுவதற்குப் பதிலாக அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணை எழுதினால், எந்தக் கம்பத்தின்கீழ் விளக்கு எரியாத இரவில் என்ன நடந்தது என்பதை மாநகராட்சிப் பொறியாளரும் காவல் ஆய்வாளரும் ஒரே மேசையில் அமர்ந்து காண முடியும்.